அடுப்படி: திறப்பு ஆச்சிக்கு ஒரு கிண்ணம் உலர்பழக் கஞ்சி



சென்ற இதழில் இந்தப் பக்கத்தில் றோல்ஸ் செய்தோம். பலர் செய்து பார்த்ததாகச் சொன்னீர்கள். ஒரு வீட்டில் றோல்ஸ் எல்லாம் எண்ணெய்க்குள் பிரிந்துபோய்க் கடைசியில் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டதாகவும் கேள்விப்பட்டோம். மனம் சோர வேண்டாம். இம்முறை எண்ணெயே தேவையில்லை. ஒரு பாத்திரம், ஐந்தாறு பொருட்கள், ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் செய்முறைக்குப் போகுமுன் வாலிபர் ஐக்கியமாக நாங்கள் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒக்டோபர் மாதத்தில் ஆராதனை மண்டபம் குளிர்ந்துபோய்க் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜக்கற்றைக் கழற்றாமலே பாட்டுப் படித்தோம். கீபோர்ட் வாசிக்கும் தம்பி விரல் விறைத்துவிட்டதென்று கையுறை வெட்டிப் போட்டுக்கொண்டு வாசித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறக்க வந்தவருக்கு எந்தத் திறப்பு எந்தக் கதவுக்கு என்று தெரியாமல், பத்து நிமிடம் எல்லாரும் மழைக்குள் நின்றோம். அன்று இரவு எங்கள் வட்ஸ்அப் குழுவில் வந்ததெல்லாம் முறைப்பாடுதான். “வாடகை கொடுக்கிறோம்தானே, ஏன் ஹீற்றர் போடுவதில்லை?” என்று கேட்டோம். “வேறு மண்டபம் பார்க்கலாமே?” என்றுகூட ஒருவர் எழுதினார். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

திறப்பு ஆச்சி எங்கே?

புதிதாகச் சபைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறோம். நாங்கள் ஒஸ்லோவில் ஆராதிக்கும் கட்டடம் ஒரு நோர்வேஜியச் சபைக்குச் சொந்தமானது. காலையில் அவர்களுடைய ஆராதனை, பின்னேரம் எங்களுடையது. இரண்டுக்கும் இடையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரிய வளையம் ஒன்றில் ஏழெட்டுத் திறப்புகளோடு நிற்பவர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு நோர்வேஜிய அம்மா. நாங்கள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் அவருக்கு வைத்த பெயர்தான் திறப்பு ஆச்சி. அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அவருடைய முழுப் பெயர் எங்களில் பலருக்குத் தெரியாது. தெரியாது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

நவம்பர் முதல் ஞாயிறன்று எங்கள் தங்கை ஒருத்திதான் கதவு திறந்தவரிடம் கேட்டாள். ஆச்சி ஓகஸ்ட் மாதக் கடைசியில் வீட்டுப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை செய்து, பல வாரம் மறுவாழ்வு இல்லத்தில் இருந்து, இப்போது வீட்டில் தனியாக இருக்கிறார் என்று அவர் சொன்னார். வீடு எங்கே? மண்டபத்திலிருந்து இரண்டு பஸ் தரிப்புத் தூரம். இன்னொன்றையும் சொன்னார். மண்டபம் பழைய கல் கட்டடம், சூடேற நீண்ட நேரம் எடுக்கும். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் ஆச்சிதான் நடந்து வந்து ஹீற்றரைப் போட்டுவிட்டுப் போவாராம். அது அவருக்கு யாரும் கொடுத்த வேலை அல்ல. பிள்ளைகள் வருகிறார்கள், குளிரக்கூடாது என்று அவராகவே செய்தது.

எங்கள் ஜெபக் குறிப்பில் எத்தனையோ பெயர்களை வாசிக்கிறோம். அவருடைய பெயர் ஒரு நாளும் அதில் இருந்ததில்லை.

என்ன கொண்டுபோவது?

போய்ப் பார்ப்பது என்று அன்றே முடிவு செய்தோம். எங்கள் ஆட்களின் வீடாக இருந்தால் நேரே போய் மணியை அடித்திருப்போம். நோர்வேஜியர் வீட்டுக்குச் சொல்லாமல் போவது வழக்கம் இல்லை. ஆகவே முதலில் தொலைபேசியில் அழைத்தோம். “என்ன கொண்டுவரட்டும்?” என்று தங்கை கேட்டாள். எங்கள் மனதில் இருந்தது வடையும் கேக்கும். ஆச்சி சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “ஸ்விஸ்கெகுறோட் செய்யத் தெரியுமா?” என்று கேட்டார்.

தங்கை தெரியும் என்று சொல்லிவிட்டாள். உண்மையில் ஒருவருக்கும் தெரியாது.

‘ஸ்விஸ்கெ’ என்றால் உலர்த்திய பிளம்ஸ் பழம். கறுத்துச் சுருங்கி, ஒட்டும் தன்மையோடு பைக்கற்றில் வரும். ‘குறோட்’ என்றால் கஞ்சி. உலர்பழத்தைத் தண்ணீரில் அவித்து, உருளைக்கிழங்கு மாவால் சற்றுத் தடிக்க வைத்து, மேலே குளிர்ந்த பால் ஊற்றிச் சாப்பிடும் இனிப்பு. நோர்வேஜிய வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் பிறகு வரும் பழைய காலத்து இனிப்புகளில் ஒன்று. குளிர்காலத்தில் புதுப் பழம் அரிதாக இருந்த அந்தக் காலத்தில் உலர்பழம்தான் குளிர்காலத்துப் பழமாக இருந்தது.

எங்களுக்கும் இது புதிதல்ல. ஒவ்வொரு வருடமும் நத்தார் ஒன்றுகூடலில் எங்கள் பிள்ளைகளுக்கென்று ஆச்சி ஒரு பெரிய கிண்ணம் நிறையச் செய்து மேசையில் வைப்பார். ஒவ்வொரு வருடமும் அது அப்படியே திரும்பிப் போகும். “ரசம் மாதிரி இருக்கு” என்று ஒருவர் சொல்லிச் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்போம், கேக் பக்கம் போய்விடுவோம். நாங்கள் ஒரு கரண்டிகூடச் சுவைத்துப் பார்க்காத அதே கஞ்சியைத்தான் இப்போது அவர் எங்களிடம் கேட்டார்.

எங்கள் சபை மாமா ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். 1970களிலும் 80களிலும் எங்கள் ஊர் இளைஞர் பலர் நோர்வேக்கு வந்தது ஃபோல்க்கெஹைஸ்கூலே என்னும் விடுதிப் பள்ளிகளுக்கு மாணவர்களாகத்தான். ஃபின்மார்க்கில் மீன் ஆலைகளில் வேலைக்குப் போனவர்களும் பலர். மாமாவும் அப்படி வட நோர்வேக்கு வந்தவர். “முதல் ஞாயிறு சாப்பாட்டு மேசையில கறுப்பா ஒண்டு வந்துது. புளிக்கரைசல் எண்டு நினைச்சு, சோறு எங்க எண்டு தேடினன். பக்கத்தில இருந்த பெடியன் பாலை ஊத்திச் சாப்பிடுறான். எனக்கு அழுகை வந்திட்டுது” என்றார். “பிறகு?” என்று கேட்டோம். “பிறகென்ன, பசி. சாப்பிட்டன். மூண்டாவது ஞாயிறு நானே ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினன்.”

மூன்று முறை பிழைத்தது

வெள்ளிக்கிழமை வாலிபர் கூட்டம் முடிந்ததும் மண்டபக் குசினியில் ஒத்திகை பார்த்தோம். முதல் பிழை கடையிலேயே நடந்தது. “உலர்ந்த பிளம்ஸ் வாங்கி வா” என்று ஒரு தம்பியிடம் சொல்லியிருந்தோம். அவன் அம்மாவிடம் கேட்டான். எங்கள் வீடுகளில் பாயாசத்துக்குக் கஜுவோடு சேர்த்துப் போடும் முந்திரிகை வற்றலுக்குத்தானே பிளம்ஸ் என்று பெயர்? மூன்று பைக்கற் முந்திரிகை வற்றலோடு வந்து நின்றான். பாவம், அவனில் பிழை இல்லை.

சரியான பழம் வந்தபின் இரண்டாவது பிழை. கொதிக்கிற பாத்திரத்துக்குள் மாவை நேரே கொட்டினோம். மா உருண்டு உருண்டு சின்னக் கொழுக்கட்டை போல மிதந்தது. வெளியே வழுவழுப்பு, உள்ளே வெறும் மா.

அடுத்த தரம் மாவைக் கரைத்து ஊற்றினோம். நன்றாகத் தடித்தது. “இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்” என்று கிளறிக்கொண்டே நின்றோம். ஐந்து நிமிடத்தில் தடிப்பெல்லாம் இளகி, கரண்டியைத் தூக்கினால் வெண்டிக்காய் போல நூல் இழுத்தது. அது மூன்றாவது பிழை.

வெட்கத்தை விட்டு ஆச்சியையே அழைத்துக் கேட்டோம். தெரியும் என்று சொன்ன தங்கைதான் பேசினாள். ஆச்சி சிரித்தாராம். சிரித்துவிட்டு மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். அதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

தேவையானவை (5 பேருக்கு)

கொட்டை நீக்கிய ஸ்விஸ்கெ: 250 கிராம்
தண்ணீர்: 8 டெசிலீற்றர், மாவைக் கரைக்க இன்னும் 1 டெசிலீற்றர்
சீனி: அரை டெசிலீற்றர், மேலே தூவ 1 மேசைக்கரண்டி
பொத்தேத்மேல்: இரண்டரை மேசைக்கரண்டி
எலுமிச்சம்புளி: 1 மேசைக்கரண்டி
கறுவாப்பட்டை: விரும்பினால் ஒரு சிறு துண்டு
பரிமாற: குளிர்ந்த பால்

செய்முறை

பழத்தைக் கழுவி, ஒவ்வொன்றையும் விரலால் அமத்திப் பாருங்கள். கொட்டை நீக்கியது என்று பைக்கற்றில் எழுதியிருந்தாலும் ஒன்றிரண்டு தப்பி வரும். வயதானவருக்குக் கொடுப்பதென்றால் இது முக்கியம். பழம் மிகவும் காய்ந்திருந்தால் அளந்த தண்ணீரிலேயே அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்ட வேண்டாம், இனிப்பு அதில்தான் இறங்கியிருக்கும்.

பழம், தண்ணீர், கறுவா மூன்றையும் அடுப்பில் வைத்துக் கொதி வந்ததும் சூட்டைக் குறைத்து, மூடி, 15 நிமிடம் அவியவிடுங்கள். கரண்டியால் தொட்டால் பழம் விட்டுக்கொடுக்க வேண்டும், ஆனால் கூழாகிவிடக் கூடாது. இப்போது சீனியும் புளியும் சேர்த்துச் சுவை பாருங்கள். பழத்திலேயே நிறைய இனிப்பு இருப்பதால் முதலிலேயே சீனியை அள்ளிப் போடாதீர்கள். கறுவாவை எடுத்துவிடுங்கள்.

இனிக் கவனமான இடம். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குங்கள். பொத்தேத்மேலைக் குளிர்ந்த தண்ணீரில் கரையுங்கள். அது அடியில் தங்கிவிடும் என்பதால் ஊற்றுமுன் இன்னொரு தரம் கலக்குங்கள். ஒரு கையால் கஞ்சியை மெதுவாகக் கிளறிக்கொண்டு, மறு கையால் நூல் போல ஊற்றுங்கள். திரும்ப அடுப்பில் வையுங்கள். ஓரத்தில் முதல் குமிழ் வந்ததும் இறக்கிவிடுங்கள். அவ்வளவுதான்.

ஏன் இந்த அவசரம்? பொத்தேத்மேல் என்பது பெயரில் மாவாக இருந்தாலும் உண்மையில் உருளைக்கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டார்ச். அதன் மணிகள் கொதிநிலைக்கு மிகவும் கீழே, 60 முதல் 65 பாகை அளவிலேயே தண்ணீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கிவிடும். அப்போதுதான் கஞ்சி தடிக்கிறது. அதற்கு மேலும் கொதிக்கவிட்டுக் கிளறினால் வீங்கிய மணிகள் உடைந்து கஞ்சி இளகி நூலாகும். சோளமாவைப் போல இதை நின்று கொதிக்க வைக்கத் தேவையில்லை.

கிண்ணத்தில் ஊற்றியதும் மேலே ஒரு கரண்டி சீனியை மெல்லியதாகத் தூவுங்கள். ஆறும்போது மேலே ஆடை படியாமல் அது தடுக்கும். இளஞ்சூட்டிலும் சாப்பிடலாம், குளிரவைத்தும் சாப்பிடலாம். பால் மட்டும் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் இருக்கும். உறைபெட்டியில் வைக்க வேண்டாம், உருகும்போது தண்ணீர் பிரிந்துவிடும்.

நீரிழிவு உள்ள வீடுகளில் சீனியை விட்டுவிட்டுச் செய்யுங்கள். அப்போதும் பழத்தின் இனிப்பு இருக்கிறது என்பதால் கிண்ணம் சிறிதாக இருக்கட்டும். மற்றொன்று, இந்தப் பழம் வயிற்றை இளக்கும். முதல் தரம் சாப்பிடுகிறவர்கள் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏன் சொல்கிறோம் என்று எங்கள் கீபோர்ட் தம்பியிடம் கேளுங்கள்.

முந்திரிகை வற்றலும் மிஞ்சியிருந்ததே, அதை என்ன செய்தோம்? அதற்கும் இந்த நாட்டில் ஒரு இனிப்பு இருக்கிறது. பெயர் சோட்சுப்பெ, இனிப்புச் சூப் என்று பொருள். சவ்வரிசியைத் தண்ணீரில் கண்ணாடி போல வரும்வரை அவித்து, ஸ்விஸ்கெயும் முந்திரிகை வற்றலும் போட்டு, சிவப்புப் பழச்சாறு விட்டு இறக்குவார்கள். பாலும் ஏலக்காயும் இல்லாத சவ்வரிசிப் பாயாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோர்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிப் போனவர்கள் இந்தச் சூப்பையும் தங்களோடு கொண்டுபோனார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகள் இன்னும் நத்தாருக்கு அதைச் செய்கிறார்கள். நாங்கள் இங்கே இடியப்பம் அவிக்கிறோமே, அதுபோலத்தான்.

வயலில் கிடந்தவன்

ஒத்திகை அன்று நாங்கள் தியானித்த பகுதி 1 சாமுவேல் 30ஆம் அதிகாரம். திட்டமிட்டு எடுத்ததல்ல, அன்றைய ஒழுங்கில் வந்தது.

சிக்லாக் ஊரை அமலேக்கியர் எரித்துவிட்டார்கள். தாவீதின் மனைவிமாரும் அவரோடிருந்த 600 பேரின் மனைவி பிள்ளைகளும் பிடிபட்டுப் போனார்கள். துரத்திக்கொண்டு போகும் வழியில் 200 பேர் களைத்துப் பேசோர் ஆற்றங்கரையில் நின்றுவிட, மற்ற 400 பேர் போகிறார்கள். அப்போது வயலில் ஒருவன் விழுந்து கிடக்கிறான். எகிப்தியன், ஒரு அமலேக்கியனுடைய வேலைக்காரன். வியாதிப்பட்டான் என்பதற்காக எஜமான் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்று பகலும் மூன்று இரவும் அவன் ஒன்றும் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை.

அவனுக்கு அப்பமும் தண்ணீரும் கொடுத்தார்கள். பிறகு கொடுத்தது என்ன? அத்திப்பழ அடையில் ஒரு துண்டு, வற்றலான திராட்சைக் குலை இரண்டு. உலர்பழம். அதற்குப் பிறகுதான் அவனுக்கு உயிர் திரும்பியது என்று வேதம் சொல்லுகிறது.

எங்களை நிறுத்திய விஷயம் இதுதான். அவர்களுக்கு அன்று எவ்வளவு அவசரம்? சொந்தப் பிள்ளைகளைத் தேடிப் போகிறார்கள். ஆனாலும் நின்றார்கள். இன்னொன்று, முதலில் சாப்பாடு, பிறகுதான் “நீ யார்?” என்ற கேள்வி. நாங்களோ ஒரு அவசரமும் இல்லாமல் இரண்டு மாதம் அந்த வழியால் போனோம், வந்தோம். குளிருகிறது என்று கோபப்பட்டோம். எங்களுக்குச் சூடு போட்டுத் தந்தவர் விழுந்து கிடப்பது தெரியவில்லை.

தியானம் முடிந்தபோது ஒருவரும் அதிகம் பேசவில்லை. போய் அடுப்பைப் பற்றவைத்தோம்.

சனிக்கிழமை

அடுத்த நாள் எங்களில் ஐந்து பேரும், சபையின் மூத்த அம்மம்மா ஒருவரும் போனோம். அம்மம்மா வருவது திட்டத்தில் இல்லை. ஒத்திகைக் கஞ்சியில் ஒரு கரண்டியை வாயில் வைத்தவர், “பிள்ளையள், இது எங்கட பனாட்டெல்லோ! நானும் வாறன்” என்று கோட்டைப் போட்டுவிட்டார்.

பனாட்டு தெரியாத தம்பி தங்கைகளுக்கு: பனம்பழத்தைப் பிசைந்து எடுத்த களியைப் பாயில் பரவி வெயிலில் காயவிட்டு, காய்ந்தபின் அதன்மேல் இன்னொரு தரம் பரவி, இப்படிப் பல நாள் அடுக்கடுக்காகக் காயவைத்து எடுப்பது. துண்டு துண்டாக வெட்டி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். பாணியில் ஊறப்போட்டால் பாணிப் பனாட்டு. அம்மம்மா பளைப் பக்கத்தவர், பனைகளுக்கு நடுவில் வளர்ந்தவர்.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கஞ்சியை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் ஊற்றித் துவாயால் சுற்றிக் கொண்டுபோனோம். ஆச்சி ரொலேட்டரைப் பிடித்துக்கொண்டு தானே வந்து கதவைத் திறந்தார். மெலிந்து போயிருந்தார். வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி வைத்தோம், ஆறு சோடி. அவற்றை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மேசையில் ஏழு கிண்ணமும் கரண்டியும் முன்பே வைத்திருந்தார்.

நாங்கள் மன்னிப்புக் கேட்கத் தயார்ப்படுத்திக்கொண்டு போயிருந்தோம். அதைத் தொடங்குமுன் அவர் கேட்டார்: “ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது யார் கதவைத் திறக்கிறார்கள்? ஹீற்றரை முதல் நாளே போடுகிறார்களா?”

இல்லை என்று சொன்னோம். “அப்படியென்றால் பிள்ளைகளுக்குக் குளிருமே” என்றார்.

அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்டோம். தயார்ப்படுத்திய வசனங்கள் ஒன்றும் வரவில்லை. தங்கை, “நாங்கள் உங்களைத் தேடவில்லை” என்று மட்டும் சொன்னாள். ஆச்சி அவளுடைய கையில் இரண்டு தரம் தட்டிவிட்டு, “இப்போது வந்திருக்கிறீர்களே, கஞ்சி ஆறுகிறது” என்றார்.

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “மா கொஞ்சம் கூடிவிட்டது” என்றார். பிறகு இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

அம்மம்மா கைப்பையிலிருந்து ஒரு சிறு பொதியை எடுத்தார். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பனாட்டுத் துண்டு. இருவருக்கும் பொதுவான பாஷை இல்லை. அம்மம்மாவுக்குத் தெரிந்த நோர்வேஜியம் ‘தாக்’ ஒன்றுதான். ஆச்சி பனாட்டை மணந்து பார்த்து, கடித்து, நெடுநேரம் மென்றார். பிறகு எங்கள் வழியாகக் கேட்டார்: “எத்தனை நாள் காயவிடுவது?” அம்மம்மா ஒரு உள்ளங்கையை மற்றதன்மேல் மாறி மாறி வைத்து அடுக்கிக் காட்டினார். ஆச்சி தன் தாய் அப்பிளை வட்டமாக வெட்டி, நூலில் கோத்து, அடுப்புக்கு மேலே தொங்கவிட்ட கதையைச் சொன்னார். நாங்கள் மொழிபெயர்க்க முயன்றோம். பாதிக்கு மேல் அவர்களுக்கு எங்கள் உதவி தேவைப்படவில்லை.

புறப்படுமுன் ஹீற்றர் விசை எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டோம். கோட்டுகள் தொங்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. குளிர்காலத்தில் சனிக்கிழமை ஆறு மணிக்குப் போட வேண்டும். அன்றிரவே இருவர் போய்ப் போட்டார்கள். அடுத்த நாள் மண்டபம் சூடாக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். இப்போது அதற்கு ஒரு முறைப்பட்டியல் இருக்கிறது, அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறோம். ஆச்சியைப் பார்க்கப் போவதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது, இரண்டு கிழமைக்கு ஒரு தரம். அவருடைய முழுப் பெயர் இப்போது எங்கள் ஜெபக் குறிப்பில் இருக்கிறது.

இந்த மாத வேலை

முந்தைய காலத்தில் நோர்வேக் கிராமங்களில் ஒரு பெண் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தால், அயல் வீட்டுப் பெண்கள் மூடியுள்ள மரப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுபோவார்கள். அதற்கென்றே பூவேலை செய்த அழகான பாத்திரங்கள் இருந்தன. எங்கள் ஊரிலும் பத்தியக்கறி கொண்டுபோன வழக்கம் உங்கள் அம்மம்மாருக்குத் தெரியும். இரண்டு ஊரிலும் படுத்திருப்பவர் வரமாட்டார், நாங்கள்தான் போக வேண்டும் என்று தெரிந்திருந்தார்கள்.

இந்த அட்வென்ற் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இதை ஒரு தரம் செய்யுங்கள். இரண்டு கிண்ணம் கூடுதலாகச் செய்யுங்கள். மேசையில் இருந்து யோசியுங்கள்: முன்பு ஆராதனையில் எந்தக் கதிரையில் யார் இருந்தார்? இப்போது ஏன் காணவில்லை? உங்கள் மாடிப்படியில் குப்பைப் பையோடு தினமும் எதிர்ப்படும் அந்த வயதானவரைக் கடைசியாகக் கண்டது எப்போது? பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். பாலைத் தனியாகக் கொண்டுபோங்கள். அவருக்கு என்ன சாப்பிடக்கூடாது என்று முதலே விசாரியுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம், அவர் களைத்துப் போவார். ஆனால் அடுத்த முறை எப்போது வருவீர்கள் என்று நாளைச் சொல்லிவிட்டு எழும்புங்கள்.

ஒரு திருத்தத்தோடு முடிக்கிறோம். முதலில் நாங்கள் எழுதி வைத்திருந்தது மூன்று மேசைக்கரண்டி பொத்தேத்மேல். மேலே இரண்டரை என்று இருப்பது திறப்பு ஆச்சியின் திருத்தம். போன சனிக்கிழமை அந்த அளவில் செய்து கொண்டுபோனோம். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

கர்த்தருக்குள் அன்புடன்,
அடுப்படிக் குழு, வாலிபர் ஐக்கியம்